அட்டாக்கர் இல்லாமல் டீம் ஜெயிக்குமா? பொங்கல் போட்டிக்கு முன்னால் ஒரு சந்தேகம்

செம்மண்கோர்ட் | புதன், இரவு 10.12

வணக்கம். மாட்டுப்பொங்கல் அன்று பக்கத்து ஊரில் மின்னொளி வாலிபால் போட்டி. எங்கள் ஊர் டீமுக்கு கேப்டன், மேனேஜர், தண்ணீர் கேன் தூக்குகிறவன் எல்லாம் நான்தான்.

போன வருஷம் காலிறுதியில் தோற்றோம். தோற்றதுகூடப் பரவாயில்லை, தோற்ற விதம்தான் இன்னும் உறுத்துகிறது. பையன்கள் விழுந்து புரண்டு பந்தை எடுத்தார்கள். அன்றைக்கு எடுத்துக் கொடுத்த பாஸும் சரியாக லிஃப்டர் (அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) தலைக்கு நேராகவே போனது. ஆனால் நாங்கள் அடித்ததெல்லாம் திரும்பி வந்தது. ஒரு ராலியில் ஐந்து தடவை அடித்தோம், ஐந்தும் திரும்பியது. அடுத்து அந்தப் பக்கம் பாஸ் கெட்டு, பந்து டியூப்லைட் கட்டியிருந்த கம்பம் வரைக்கும் ஓடியது. எவனோ ஒருவன் துரத்திப் போய் முதுகுப்பக்கமாகத் தூக்கிப் போட்டான். நெட்டிலிருந்து எட்டடி தள்ளி, ரொம்ப மோசமான பந்து. அவர்களுடைய நாலாம் நம்பர் (முன்வரிசை இடது ஓரம்) ஆள் அதை அடித்தான் பாருங்கள், நெட்டில் கை தூக்கி மறித்த எங்கள் சென்டர் பிளாக்கர் கையில் பட்டு மைக்செட் மேஜைக்கே போய் விழுந்தது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் டீ டம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அதோடு எங்கள் பையன்கள் முகம் தொங்கிப்போனது. அந்த செட்டில் அப்புறம் நான்கு பாயிண்ட்தான் எடுத்தோம்.

இப்போது கையில் நாலாயிரம் ரூபாய் இருக்கிறது. வெளியூரிலிருந்து ஒரு நல்ல அட்டாக்கரைக் கெஸ்ட்டாகக் கூப்பிடலாம் என்று பாதிப்பேர். புது நெட்டும் பந்தும் வாங்கிப் பழகுவோம் என்று மீதிப்பேர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


பழைய_பிளாக்கர் | புதன், இரவு 10.40

தம்பி, அட்டாக்கரைக் கூப்பிடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

வாலிபாலில் நாமாகப் பாயிண்ட் எடுப்பதற்கு மூன்றே வழி: சர்வீஸ், பிளாக், அட்டாக். மீதியெல்லாம் எதிராளி போடுகிற பிச்சை. எந்த மட்டத்து மேட்ச் ஸ்கோர் ஷீட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், அட்டாக்கில் வந்த பாயிண்ட்தான் பெரும்பங்கு இருக்கும். டிஃபென்ஸ் எவ்வளவு அழகாக எடுத்தாலும் அதற்கு யாரும் பாயிண்ட் போட மாட்டார்கள். எடுத்த பந்தைக் கீழே விழவைக்க ஒருவன் வேண்டும்.

நான் ஆடிய காலத்தில் செட்டுக்கு 15 பாயிண்ட். நம் கையில் சர்வீஸ் இருந்தால்தான் பாயிண்ட். எதிராளி சர்வீஸில் நாம் அடித்து விழவைத்தால் சர்வீஸ் மட்டும் நம் கைக்கு வரும், பாயிண்ட் வராது. மணிக்கணக்கில் இழுக்கும். விடிய விடிய ஆடி, சேவல் கூவும்போது ஃபைனல் முடிந்த ஊரெல்லாம் உண்டு. 1990களின் கடைசியில் ராலி பாயிண்ட் வந்து எல்லாம் மாறிவிட்டது. இப்போது ஒவ்வொரு பந்துக்கும் பாயிண்ட். அடிக்கத் தெரியாத டீமுக்கு மூச்சு வாங்க இடமே இல்லை.


லிஃப்டர்_அக்கா | புதன், இரவு 11.05

//எடுத்த பந்தைக் கீழே விழவைக்க ஒருவன் வேண்டும்//

அந்தப் பந்தை எடுக்கவும் ஒருவர் வேண்டும், தூக்கிக் கொடுக்கவும் ஒருவர் வேண்டும் அண்ணா. பல்கலைக்கழக டீமில் நான்கு வருஷம் லிஃப்டராக ஆடினேன். இப்போது பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். போட்டோவில் முன்வரிசையில் அட்டாக்கர், கோப்பையைப் பிடித்திருப்பதும் அட்டாக்கர்தான். லிஃப்டர் எங்கே என்று தேடினால் ஓரத்தில் பாதி முகம் தெரியும்.

நீங்கள் சொன்ன ராலி பாயிண்ட் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் நம் சர்வீஸில் நாம் வெளியே அடித்தால் சர்வீஸ் மட்டும்தான் போகும், பாயிண்ட் போகாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். இப்போது எங்கே அடித்து வெளியே போனாலும் எதிராளிக்கு ஒரு பாயிண்ட். பத்து பந்தில் ஐந்தைக் குத்தி, நான்கை வெளியே அடிக்கிற கெஸ்ட்டை நாலாயிரம் கொடுத்துக் கூட்டி வந்தால் மிச்சம் ஒரு பாயிண்ட். அந்த ஒரு பாயிண்ட்டுக்கு அவருக்குப் பிரியாணியும் வாங்கித் தர வேண்டும்.


நோட்டுப்புத்தகம் | வியாழன், காலை 6.50

அக்கா சொன்னதற்குக் கணக்கே இருக்கிறது. விழவைத்த பந்துகளிலிருந்து வெளியே அடித்ததையும் பிளாக் வாங்கியதையும் கழித்து, மொத்தம் எத்தனை தடவை அடித்தார் என்பதால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒருவர் 20 பந்து அடிக்கிறார். 9 விழுகிறது, 5 வெளியே, 2 பிளாக். கேட்கும்போது "ஒன்பது பாயிண்ட் எடுத்தான்பா" என்று ஊரே பேசும். 9 போக 7, மிச்சம் 2. இருபதுக்கு இரண்டு, பத்து சதவீதம். இன்னொருவர் 20 அடித்து 7 விழுந்து, ஒன்று மட்டும் வெளியே. அவரை யாரும் பேச மாட்டார்கள், ஆனால் முப்பது சதவீதம்.

கெஸ்ட்டைக் கூப்பிடும் முன் அவர் ஆடிய ஒரு முழு மேட்ச் வீடியோ கேளுங்கள். கட் பண்ணிய வீடியோவில் எல்லோரும் ஒலிம்பிக் பிளேயர்தான்.


ரொட்டேஷன் | வியாழன், காலை 9.15

ஆபீஸ் போகிற வழியில் எழுதுகிறேன், தட்டச்சுப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

அட்டாக் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு விதிப்புத்தகமே சாட்சி. 1895ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை ஆரம்பித்தபோது இது நடுத்தர வயசுக்காரர்கள் அலுப்புத் தெரியாமல் பந்தைத் தட்டிக்கொள்ளும் விளையாட்டு. தூக்கிக் கொடுத்து எகிறி அடிப்பது 1916 வாக்கில் பிலிப்பைன்ஸில் வந்தது. அங்கே அதற்குப் பெயர் 'பொம்பா', அதாவது குண்டு. அன்றிலிருந்து விதி போடுகிறவர்கள் அந்தக் குண்டுக்குக் குடை பிடிக்கிற வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பிளாக்கில் பட்டதும் ஒரு டச் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1976 ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு, பிளாக்கில் பட்டாலும் அப்புறம் மூன்று டச் உண்டு என்று மாற்றினார்கள். 90களில் உடம்பின் எந்தப் பாகத்திலும் பந்து படலாம் என்றார்கள். 1998ல் லிபரோ, அதாவது பின்வரிசையில் டிஃபென்ஸ் மட்டும் ஆடுகிறவர், வந்தது. இதெல்லாம் யாருக்கு உதவி? டிஃபென்ஸுக்கு. விட்டால் அட்டாக் ஆட்டத்தையே தின்றுவிடும் என்ற பயம்தான்.


பழைய_பிளாக்கர் | வியாழன், காலை 9.31

அப்படிப் போடுங்கள்!


லிஃப்டர்_அக்கா | வியாழன், மதியம் 1.20

லஞ்ச் பிரேக். ரொட்டேஷன் தம்பிக்கு ஒரு கேள்வி. 1964ல் டோக்கியோவில் வாலிபால் முதல்முறையாக ஒலிம்பிக்ஸில் வந்தபோது பெண்கள் தங்கம் யாருக்கு? ஜப்பானுக்கு. கோச் டைமாட்சு அந்தப் பெண்களைத் தரையில் உருண்டு எடுத்து, உருண்ட வேகத்திலேயே எழுந்து நிற்கப் பழக்கியிருந்தார். தங்கத்தைத் தீர்மானித்த கடைசி மேட்ச்சில் சோவியத் யூனியனை 3-0. எதிரணிப் பெண்கள் உயரத்திலும் பலத்திலும் குறைந்தவர்கள் இல்லை. அடித்த பந்தெல்லாம் திரும்பி வந்தால் எப்பேர்ப்பட்ட அட்டாக்கரும் நாலாவது பந்தை வெளியேதான் அடிப்பார். செம்மண்கோர்ட் தம்பியின் டீமுக்கு நடந்ததும் அதுதானே?


ரொட்டேஷன் | வியாழன், மதியம் 1.48

அக்கா, 1964 சரி. ஆனால் 1992, 1996, 2000 மூன்று ஒலிம்பிக்ஸிலும் தொடர்ந்து பெண்கள் தங்கம் வாங்கியது கியூபா. அந்த டீமின் அட்டாக்கர் மிரெயா லூயிஸ் 1.75 மீட்டர்தான். இந்த மட்டத்தில் அது குள்ளம். ஆனால் எகிறினால் கை மூன்றே கால் மீட்டருக்கு மேலே போகும். பெண்கள் நெட் 2.24. அதாவது நெட்டுக்கு மேலே ஒரு மீட்டருக்கும் அதிகம். அங்கிருந்து இறங்குகிற பந்தை உருண்டு எடுக்க முடியாது.

அதனால் நான் அட்டாக் கட்சி. ஆனால் கட்சிக்குள் ஒரு சின்ன மாற்றுக்கருத்து உண்டு. நல்ல பந்தை அடிப்பவன் நல்ல அட்டாக்கர் இல்லை. பாஸ் சரியாக வந்து, லிஃப்டர் பிளாக்கை ஏமாற்றித் திறந்துவிட்ட பந்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். பலமான அட்டாக் என்றால் கெட்ட பந்தில்தான் தெரியும். பாஸ் சிதறி, லிஃப்டர் ஓடி, வேறு வழியில்லாமல் ஓரத்துக்கு உயரமாகத் தூக்கிப் போடும் பந்து. எதிரே மூன்று பேர் பிளாக்குக்குக் கை தூக்கி நிற்பார்கள். அதில் பாயிண்ட் எடுக்கிறவன்தான் வேண்டும். செம்மண்கோர்ட் எழுதிய அந்த டியூப்லைட் கம்பத்துப் பந்தை மறுபடி படியுங்கள்.

சாயங்காலம் 2012 லண்டன் ஒலிம்பிக் ஃபைனல் பற்றி எழுதுகிறேன். மீட்டிங்.


ஐந்தடி_ஏழு | வியாழன், மாலை 4.05

அண்ணா அக்கா எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு. என் உயரம் பெயரிலேயே இருக்கு. நாலாம் நம்பரில் அடிக்க ஆசை. சார் என்னை லிபரோ ஆடு என்கிறார். ஸ்டெப் எடுத்து எகிறினால் நெட்டுக்கு மேல் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை வருது. அடித்தால் பாதி பந்து நெட்டில் மாட்டுது, மீதி வெளியே. என்ன செய்யலாம்?


நோட்டுப்புத்தகம் | வியாழன், மாலை 5.30

தம்பி, ஏன் நெட்டில் மாட்டுகிறது என்று பார்ப்போம். எனக்கு இதில் ஒரு பைத்தியம்.

ஆண்கள் நெட் 2.43. பந்தின் பாதி அகலம் 10 செ.மீ.க்குச் சற்று அதிகம். ஆக பந்தின் நடுப்பகுதி 2.54 மீட்டர் உயரத்திலாவது நெட்டைத் தாண்ட வேண்டும். நெட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 3 மீட்டர் உயரத்தில் அடிக்கிறாய் என்று வை. நெட்டை அடைவதற்குள் 46 செ.மீ. இறக்கலாம். அதே சரிவில் போனால் அந்தப் பக்கம் 2.7 மீட்டர் வாக்கில், மூன்று மீட்டர் கோட்டுக்கு உள்ளேயே விழும். இப்போது உயரம் 10 செ.மீ. மட்டும் குறைந்து 2.90ல் அடிக்கிறாய். பந்து 3.4 மீட்டர் வாக்கில் போய் விழும். கையில் ஒரு சாண்கூட இல்லை, தரையில் இரண்டரை அடி வித்தியாசம். 3 மீட்டர் ஆட்களைப் பார்த்து அதே சரிவில் நீ அடிக்கப் போவதால்தான் நெட்டில் மாட்டுகிறது.

அட்டாக் கோடு, அதாவது நம் பக்கத்து மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து எகிறி அதே 3 மீட்டர் உயரத்தில் அடித்தால், நேர்கோடு போட்டால் பந்து நெட்டுக்கு அந்தப் பக்கம் 15 மீட்டருக்கு மேல் போகும். கோர்ட்டோ 9 மீட்டர். அப்புறம் எப்படி உள்ளே விழுகிறது? கொஞ்சம் பந்தின் எடை இழுக்கிறது, மீதி மணிக்கட்டு. பந்தின் மேல் கை உருண்டு போனால் பந்து முன்பக்கமாகச் சுழன்று, போகப் போக மூக்கு குத்தி இறங்கும். ஆகவே உனக்கு மருந்து மணிக்கட்டு. சுவரில் அடித்துப் பழகு: பந்து முதலில் தரையில் குத்தி, அப்புறம் சுவரில் பட்டு, திரும்ப உன் கைக்கே வர வேண்டும். ஒரு தடவை மணிக்கட்டு மடங்காவிட்டால் உடனே தெரிந்துவிடும், பந்து பக்கத்து வீட்டு மாடியில் இருக்கும்.


லிஃப்டர்_அக்கா | வியாழன், மாலை 6.10

ஐந்தடி ஏழு தம்பி, நோட்டு சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள். உன் வயசுப் பையன்களிடம் நான் பார்க்கும் முதல் தப்பு, சீக்கிரம் ஓடிவிடுவது. லிஃப்டர் கையில் பந்து இருக்கும்போதே நெட்டுக்கு அடியில் போய் நின்று, தலைக்கு மேல் வரும் பந்துக்காக நின்ற இடத்தில் எகிறுவார்கள். முழங்கை மடங்கியிருக்கும், தோள் பின்னால் போயிருக்காது. பந்து லிஃப்டர் கையை விட்டு உயரே போகும்வரை காத்திரு. வலதுகைக்காரன் என்றால் கடைசி இரண்டு ஸ்டெப் வலது, இடது, டக் டக் என்று சேர்ந்து வர வேண்டும். பந்து உன் வலது தோளுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும், தலைக்கு மேலே அல்ல.

அப்புறம், குள்ளமான அட்டாக்கர் பிளாக்கைத் தாண்டி அடிக்க நினைக்கக் கூடாது. பிளாக்கை அடி. பிளாக்கரின் வெளிப்பக்கக் கையின் ஓரத்தைக் குறிபார்த்து அடித்தால் பட்டு வெளியே போகும், பாயிண்ட் உனக்கு. உயரமான பிளாக்கர் உனக்கு எதிரி இல்லை, பெரிய கை உள்ள நண்பன். ஜப்பான் நிஷிடா 1.86தான், யுனிவர்சலாக (வலது ஓரத்து அட்டாக்கராக) நின்று தன்னைவிட ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரமானவர்களுக்கு எதிரே அடிக்கிறார். மேட்ச் பார்த்தால் கையைப் பார்க்காதே, அவருடைய காலைப் பார்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. காய்ந்த கெட்டித் தரையில் தினமும் நூறு, இருநூறு தடவை எகிறாதே. முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி ஆரம்பித்தால் அது சீக்கிரம் போகாது. தோளும் அப்படித்தான். வருஷக்கணக்கில் அடிப்பவர்களில் சிலருக்குத் தோள்பட்டைக்குப் பின்னால் நரம்பு அழுந்தி, சதை வற்றிக் குழி விழுந்திருக்கும். வலிக்காததால் அவர்களுக்கே தெரியாது, பின்னால் நிற்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.


வடமராட்சியான் | வியாழன், இரவு 8.22

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வணக்கம். எங்கட பக்கம் இதுக்குக் கரப்பந்தாட்டம் என்று பேர். 1991இலிருந்து இலங்கையின் தேசிய விளையாட்டு. கிரிக்கெட் என்று நினைச்சிருப்பீங்கள், எல்லாரும் அப்பிடித்தான். நீங்கள் சொல்கிற அட்டாக்கை எங்கட பள்ளிக்கூடத்தில் 'அறைதல்' என்றுதான் சொல்லித் தருவினம். அந்தச் சொல்லிலேயே ஒரு வேகம் இருக்கு.

காசு விசயத்தில் என் கருத்து: வெளியாளைக் கூப்பிட வேண்டாம். எங்கட கழகத்தில் ஒருமுறை கூப்பிட்டம். அவர் நல்லாத்தான் அடிச்சார். ஆனால் எங்கட பெடியள் பந்து வந்தால் அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கிட்டாங்கள். அடுத்த வருசம் அவர் வரவில்லை. ஆர் அடிக்கிறது என்றே தெரியாமல் நின்றம்.


செம்மண்கோர்ட் | வியாழன், இரவு 8.50

இதை நான் யோசிக்கவே இல்லை அண்ணே. எங்களிடம் இன்னொரு தலைவலியும் உண்டு. போன வருஷம் ஒரு ஊரில் கெஸ்ட்டாக வருகிறேன் என்று ஒருவர் ஐந்நூறு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே எதிர் டீமுக்கு ஆடினார். எங்களுக்கு எதிராக! பெயர் சொல்ல மாட்டேன். நன்றாக வேறு ஆடினார்.


பழைய_பிளாக்கர் | வியாழன், இரவு 9.02

ஹா ஹா. அந்த ஐந்நூறைக் கேட்டீர்களா இல்லையா?


செம்மண்கோர்ட் | வியாழன், இரவு 9.04

கேட்டேன். சர்வீஸ் போட்டுவிட்டு வருகிறேன் என்றார்.


ரொட்டேஷன் | வியாழன், இரவு 10.35

சரி, லண்டன்.

2012 ஆகஸ்ட் 12, ஆண்கள் ஃபைனல், பிரேசிலும் ரஷ்யாவும். முதல் இரண்டு செட் பிரேசில், 25-19, 25-20. ரஷ்யா தூங்கிக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது. பிரேசில் வேகமான டீம். பாஸ் நன்றாக வரும்போது எதிராளி பிளாக்கர் இடது பக்கம் பார்ப்பதற்குள் வலது பக்கம் பந்து விழுந்திருக்கும்.

மூன்றாவது செட்டில் ரஷ்ய கோச் விளாதிமிர் அலெக்னோ ஒரு காரியம் செய்தார். சென்டர் பிளாக்கராக ஆடிக்கொண்டிருந்த டிமித்ரி முசெர்ஸ்கியை யுனிவர்சல் இடத்துக்கு மாற்றினார். 2.18 மீட்டர் ஆள். யுனிவர்சலாக இருந்த மிகைலோவ், எதிராளி சர்வீஸை ரிசீவ் எடுக்கும் ஓரத்துக்குப் போனார். ஒலிம்பிக் ஃபைனலில், இரண்டு செட் பின்தங்கி நிற்கும்போது!

சென்டர் பிளாக்கருக்குப் பந்து வர வேண்டுமென்றால் பாஸ் சுத்தமாக வர வேண்டும். பாஸ் கெட்டால் அவர் எகிறி இறங்கும் பொம்மை. ஆக ரஷ்யாவின் மிக உயரமான கை, பாதி ராலியில் சும்மா இருந்தது. யுனிவர்சலுக்கு எப்படிப்பட்ட பந்தையும் உயரே தூக்கிப் போடலாம். பிரேசில் அதற்குப் பிறகு நல்ல சர்வீஸ் போட்டு ரஷ்யாவின் பாஸைக் கெடுத்தபோதும் என்ன ஆனது? கெட்ட பாஸ், உயரப் பந்து, முசெர்ஸ்கி. பிளாக்கின் விரலுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது செட்டில் பிரேசில் மேட்ச் பாயிண்ட் வரைக்கும் வந்தும் முடிக்க முடியவில்லை. 29-27, 25-22, 15-9. தங்கம் ரஷ்யாவுக்கு. முசெர்ஸ்கிக்கு மட்டும் 31 பாயிண்ட்.

எனக்கு அந்த மேட்ச்சில் மறக்காதது அடி இல்லை. நாலாவது செட்டில் பிரேசில் பிளாக்கர்கள் நடுவில் நிற்பதா, ஓரத்துக்கு ஓடுவதா என்று தயங்க ஆரம்பித்ததுதான். ஒருவனைக் கண்டு பயந்து இரண்டு பேர் நகர்ந்தால் மற்ற அட்டாக்கர்களுக்கு வழி தானாகத் திறக்கும். பலமான அட்டாக்கர் தான் அடிக்காத பந்திலும் பாயிண்ட் எடுத்துக் கொடுப்பது இப்படித்தான்.

செம்மண்கோர்ட், உங்கள் சென்டர் பிளாக்கர் எவ்வளவு உயரம்?


லிஃப்டர்_அக்கா | வியாழன், இரவு 11.10

நன்றாக எழுதியிருக்கிறாய் தம்பி. ஆனால் முசெர்ஸ்கிக்கு அந்த உயரப் பந்தைத் தூக்கிப் போட ஒரு கிரான்கின் இருந்தார். ரிசீவ் எடுக்க 36 வயதில் டெட்யுகின் நின்றார், அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக்ஸ்.

பாரிஸ் 2024 ஒலிம்பிக்ஸையும் சொல்ல வேண்டும். போலந்தில் லியோன் இருந்தார், குரெக் இருந்தார், அடி என்றால் அப்படி ஒரு அடி. ஃபைனலில் பிரான்ஸ் 25-19, 25-20, 25-23. பிரான்ஸின் கபேத் 1.94 மீட்டர்தான். முழு பலத்தோடு அடிப்பது போலக் கையை ஓங்கி, விரல் நுனியில் பிளாக்குக்குப் பின்னால் பந்தை வைப்பார். பின்னால் கிரெபென்னிகோவ் லிபரோ. ஆக பலம் என்றால் வேகம் மட்டும்தானா?


ரொட்டேஷன் | வியாழன், இரவு 11.22

இல்லை அக்கா, நான் வேகம் என்று எங்கும் சொல்லவில்லையே! கெட்ட பந்தில் பாயிண்ட் எடுக்கிறவர் என்றேன். கபேத் அதில் மன்னன். அந்த 'வைக்கிற' பந்து ஏன் விழுகிறது? ஓங்கினால் அடி விழும் என்று எதிராளிக்குத் தெரியும் என்பதால்தான். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏழு மீட்டரைக் கடக்கக் கால் நொடிக்குச் சற்று மேல்தான் ஆகும். அதற்குத் தயாராகக் குதிகாலில் உட்கார்ந்திருப்பவன், மெதுவாக விழும் பந்துக்கு முன்னால் பாய முடியாது. அடிக்கத் தெரியாதவன் பிளேஸ் பண்ணினால் எதிராளி நடந்து வந்து எடுப்பான்.


லிஃப்டர்_அக்கா | வியாழன், இரவு 11.30

சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். தூக்கம் வருகிறது.


பழைய_பிளாக்கர் | வெள்ளி, காலை 7.15

இவ்வளவு தூரம் போனவர்கள் பக்கத்து மாநிலத்தை மறந்துவிட்டீர்கள். ஜிம்மி ஜார்ஜ், கண்ணூர் பேராவூர்க்காரர். இத்தாலி லீகில் போய் ஆடியவர். 1986 சியோல் ஏசியன் கேம்ஸில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது அந்த டீமில் இருந்தார். அடுத்த வருஷம் நவம்பரில் இத்தாலியில் கார் விபத்து. 32 வயசு. ஏசியன் கேம்ஸில் ஆண்கள் வாலிபாலில் அதற்குப் பிறகு நமக்குப் பதக்கமே இல்லை. 2023ல் ஹாங்சோவில் கொரியாவை ஐந்து செட்டில் ஜெயித்தபோது எனக்கு ஆசை வந்தது. கால் இறுதியில் ஜப்பான் முடித்துவிட்டது.

ஜிம்மி எகிறினால் மேலேயே கொஞ்ச நேரம் நிற்பார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். யாரும் மேலே நிற்க முடியாது, எனக்கும் தெரியும். பிளாக்கர் இறங்க ஆரம்பித்த பிறகு அடிக்கிறவரை அப்படித்தான் சொல்லத் தோன்றும்.


செம்மண்கோர்ட் | வெள்ளி, இரவு 9.48

//உங்கள் சென்டர் பிளாக்கர் எவ்வளவு உயரம்?//

ஆறடி இரண்டு. செங்கல் சூளையில் வேலை. கை மூங்கில் மாதிரி. ஒரு மேட்ச்சில் அவனுக்கு நான்கு பந்து வந்தால் அதிகம், ஏனென்றால் எங்கள் பாஸ் முக்கால்வாசி நேரம் அவன் பக்கம் வராது.

நேற்று ராத்திரி ரொட்டேஷன் எழுதியதைப் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். இன்று அவனை ரெண்டாம் நம்பர் (முன்வரிசை வலது ஓரம்) பக்கம் நிறுத்தி, வேண்டுமென்றே பாஸைக் கெடுத்து, பின்னாலிருந்து உயரமாகத் தூக்கிப் போட்டோம். முதல் பத்தில் ஏழு வெளியே. ஒன்று கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் முள்வேலியில் குத்திப் பந்து போச்சு. மிச்சம் இரண்டு பந்து உள்ளே விழுந்தது. அந்த இரண்டையும் எடுக்க நின்றவன் நான். கை இன்னும் சிவந்திருக்கிறது.

ஆனால் நடுவில் யார் பிளாக்குக்கு நிற்பது?


லிஃப்டர்_அக்கா | வெள்ளி, இரவு 10.05

நடுவில் சுமாரான ஆளை நிறுத்துங்கள். ஊர்ப் போட்டியில் நடுவிலிருந்து வேகப்பந்து அடிக்கிற டீம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்ற எல்லோரும் ஓரத்துக்குத்தான் தூக்குவார்கள். சூளைத் தம்பி ரெண்டாம் நம்பரில் நின்றால் எதிராளியின் நாலாம் நம்பர் ஆளுக்கு நேர் எதிரே பிளாக் நிற்பார். போன வருஷம் மைக்செட்டில் அடித்தவன் நாலாம் நம்பர்தானே?

லிஃப்டரிடம் சொல்லுங்கள்: பந்து நெட்டை ஒட்டிப் போக வேண்டாம், மூன்றடி தள்ளியே இருக்கட்டும், உயரம் மட்டும் குறைய வேண்டாம். பழகாதவனுக்கு நேரம்தான் முக்கியம். இன்னொன்று, அவன் அடித்து வெளியே போனால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அடுத்த பந்தும் அவனுக்கே.


நோட்டுப்புத்தகம் | வெள்ளி, இரவு 10.30

முள்வேலியில் போன பந்தையும் கணக்கில் சேர்த்து, நாலாயிரத்தில் முதலில் பந்து வாங்குங்கள்.


செம்மண்கோர்ட் | மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், காலை 11.20

இப்போதுதான் எழுந்தேன். மூன்றாம் பரிசு.

கெஸ்ட் யாரும் இல்லை. நெட் ஒன்று, பந்து இரண்டு வாங்கினோம், மிச்சக் காசில் டெம்போ. காலிறுதியில் போன வருஷம் எங்களை அடித்த அதே டீம்தான் வந்தது. முதல் செட் போச்சு. நம் சூளைக்காரன் நாலு பந்தை வெளியே அடித்தான். லிஃப்டர் என் முகத்தைப் பார்த்தான், நான் அக்காவை நினைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டாவது செட்டில் 14-14 இருக்கும்போது பாஸ் சிதறி, நானே ஓடிப்போய்க் குனிந்து கையால் கிளறிவிட்ட மாதிரி ஒரு பந்து மேலே போனது. எனக்கே வெட்கமாக இருந்தது. சூளைக்காரன் காத்திருந்தான், ஓடினான், அடித்தான். மூன்று பேர் பிளாக். நடுவில் இருந்தவன் கையை உதறிக்கொண்டே சர்வீஸ் லைன் வரை நடந்து போனான்.

அதற்கு அப்புறம் அவர்கள் பிளாக் முழுக்க இவன் பக்கமே போய்விட்டது. நாலாம் நம்பரில் எங்கள் சாதாரண ஆளே ஆளில்லாத கோர்ட்டில் அடிக்கிற மாதிரி அடித்தான். ரொட்டேஷன் சொன்னது அப்படியே.

அரையிறுதியில் தோற்றோம். அந்த டீமிடம் நடுவில் வேகப்பந்து இருந்தது, எங்களிடம் அங்கே ஆள் இல்லை. மூன்றாம் இடத்து மேட்ச் ராத்திரி இரண்டரை மணிக்கு.


ஐந்தடி_ஏழு | அதே நாள், காலை 11.31

வீடியோ அண்ணா?


செம்மண்கோர்ட் | அதே நாள், காலை 11.40

சாயங்காலம் போடுகிறேன் தம்பி. நெட் நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கும், நோட்டு சார் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. மைக்செட் மேஜையை இந்த வருஷம் முன்கூட்டியே பதினைந்தடி தள்ளிப் போட்டிருந்தார்கள்.